காத்துத் திருகைத் திறந்தியா, தம்பி?

போட்டு வாங்கிட்டியாமே தம்பி. கேள்விப்பட்டேன். பத்து மாவோங் பக்கம் யாரோ கைமாத்திவிட்ட பழைய ஃபைபர் போட்டு. பின்னால தொண்ணூறுகள்ல வந்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. விலை ரொம்ப மலிவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறே. வித்தவன் இப்ப நிம்மதியாத் தூங்குறான். அது வேற விஷயம்.

உன்னையப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வருது. தலையில தங்கச் சரிகை வச்ச கேப்டன் தொப்பி. கண்ணுல கறுப்புக் கண்ணாடி. மீன் எங்க இருக்குன்னு காட்டுற கருவி ஒண்ணு, அதோட திரை என் வீட்டு டிவிய விடப் பெருசு. போட்டுக்குப் பேரு வைக்கிற அன்னிக்கு கேக் வெட்டினீங்களாம். எல்லாம் இருக்கு. எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகல. எஞ்சினைச் சாய்க்கிற ட்ரிம் பட்டனை அமுக்கினா ‘டிக்’குன்னு ஒரு சத்தம், அதோட சரி. உன் கூட்டாளிங்க எல்லாரும் போனைத் தடவித் தடவி வைத்தியம் பாக்குறானுங்க. ஒருத்தன் எஞ்சினோட கம்ப்யூட்டர் போயிருச்சுங்கிறான். அடேய், அது கார்புரேட்டர் வச்ச எஞ்சின். அதுல ஏதுடா கம்ப்யூட்டர்?

நீயோ “போட்டு பழசு தாத்தா, அதான்”னு சொல்றே. பழசா? உன் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துல ஏறி பினாங்குல இறங்கினாரே, எந்தக் கப்பல்ல? ரஜூலாவுல. 1926ல கட்டின கப்பல் அது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூருன்னு 1970கள் வரைக்கும் சனத்தைச் சுமந்துச்சு. நம்ம ரெண்டு தட்டு ஃபெர்ரிய எடுத்துக்க. வெல்ட் கீ ஜெட்டிக்கும் பட்டவர்த்துக்கும் நடுவுல காலையும் ராத்திரியும் ஓடுச்சு. 2020 கடைசியிலதான் அதுகளுக்கு ஓய்வு குடுத்தாங்க. அதுகளுக்கெல்லாம் வயசு ஆகலையா? ஆச்சு. ஆனா எண்ணெய் விட ஒரு ஆளு இருந்தான். துடைக்க ஒரு ஆளு இருந்தான். சத்தம் மாறினா காதைத் தீட்டிக்கிட்டு ஓடி வர ஒரு ஆளு இருந்தான். உன் போட்டுக்கு யாரு இருந்தா? வித்த மனுசன் வருசத்துக்கு ரெண்டு தடவ ஜெட்டிக்கு வந்திருப்பான், போட்டோ புடிச்சிருப்பான், போயிருப்பான். ஓடிக் கெட்ட எஞ்சினை விட சும்மா கிடந்து கெட்ட எஞ்சின்தான் இந்தத் தீவுல அதிகம்.

சரி, முதல்ல அந்தச் சிவப்புக் கயிறு எங்க? ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னக் கொக்கி, அதுல மாட்டுற சுருள் கயிறு. ஆளு தண்ணியில விழுந்தா எஞ்சின் தானா நிக்கட்டும்னு வச்சிருக்கு. அது கழண்டு கிடந்தா எஞ்சின் சுத்தும், சுத்தும், பத்திக்காது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவன் பிறையிலருந்து பாலம் தாண்டி வந்து, அந்தக் கயித்தை மாட்டிவிட்டு காசு வாங்கிட்டுப் போன கதை ஜெட்டிக்கு ஜெட்டி உண்டு. அவன் சிரிக்காமப் போனான்னா அது அவனோட பெருந்தன்மை. அடுத்தது கியரு நியூட்ரல்ல இருக்கா? நியூட்ரல்ல இல்லேன்னா ஸ்டார்ட்டரே சுத்தாது. அது கோளாறு இல்ல தம்பி, உன் மேல எஞ்சின் செஞ்சவனுக்கு இருக்கிற அக்கறை.

அப்புறம் பேட்டரி. நீ புதுசு வாங்கிட்டே, தெரியும். ஆனா வயரு மாட்டுற முனையில பச்சையாப் பூத்துக் கிடக்கே, அதைத் துடைச்சியா? உப்புக் காத்துல செம்பு பூக்காம என்ன செய்யும்? புதுப் பேட்டரிய அந்தப் பூவு மேலயே வச்சு இறுக்கினா கரண்டு எப்படிப் போகும்? மீட்டர் இருந்தா வச்சுப் பாரு. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட காட்டணும். சாவி போட்டுச் சுத்தும்போது 9.5க்குக் கீழ சரிஞ்சா பேட்டரியோ முனையோ சரியில்ல. கம்பித் தூரிகை, கொஞ்சம் கிரீஸ். பத்து வெள்ளிக்குள்ள வேலை முடிஞ்சிரும். இதைச் செய்யாம ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டினவனுங்க எத்தன பேரு!

இப்ப நான் கேக்கப் போற கேள்விக்குக் கோவப்படாதே. காத்துத் திருகைத் திறந்தியா? பெட்ரோல் டாங்கி மூடி மேல ஒரு சின்னத் திருகு இருக்கும். காத்து உள்ள போறதுக்கு. அதை மூடியே வச்சிட்டு ஓட்டினா எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். நல்லாவும் ஓடும். ஜெரெஜாக் தீவு எதிர்ல போனதும் மூச்சு முட்டி நிக்கும். கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகும். மறுபடி நிக்கும். நீ ஸ்பார்க் பிளக்கை மாத்துவே. கார்புரேட்டரைக் கழுவுவே. மந்திரிக்கக் கூட ஆளு தேடுவே. டாங்கிக்குள்ள காத்துப் போகாம பெட்ரோல் மட்டும் வெளிய வரணும்னா எப்படி வரும்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் பந்தைக் கவனி. அது மேல ஒரு அம்புக்குறி போட்டிருக்கும், எஞ்சின் பக்கம் பாக்கணும். அமுக்கினா கொஞ்ச நேரத்துல கல்லு மாதிரி இறுகணும். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளன்னு இருந்தா எங்கயோ காத்து இழுக்குது. குழாய் முனையில இருக்கிற சின்ன ரப்பர் வளையம் காஞ்சு போயிருக்கும், இல்லேன்னா குழாயே வெயில்ல வெடிச்சிருக்கும். ஓடும்போது பந்து சப்பிப் போச்சுன்னா டாங்கிப் பக்கம் அடைப்பு. இன்னொரு சூட்சுமம் சொல்றேன், போன்ல தேடாம நேராக் கேட்டுக்க. வேகமாப் போகும்போது எஞ்சின் தள்ளாடுதா? கூட்டாளிய விட்டுப் பந்தை அமுக்கச் சொல்லு. அமுக்கினதும் எஞ்சினுக்கு உயிர் வந்துச்சுன்னா கரண்டுல ஒண்ணும் இல்ல, பெட்ரோல் பத்தல. பம்போ ஃபில்டரோ பாக்கலாம். அமுக்கியும் மாறலேன்னா வேற பக்கம் தேடு. செலவே இல்லாத பரீட்சை.

பெட்ரோலும் பழசாகும் தெரியுமா? மாசக்கணக்கா டாங்கியில கிடந்தா அரக்கு மாதிரி நாத்தம் அடிக்கும். கார்புரேட்டர்ல இருக்கிற ஊசி ஓட்டையில கோந்தாப் படியும். கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தல்ல புடிச்சு ராத்திரி பூரா வை. காலையில அடியில தண்ணி தனியாத் தெரிஞ்சா உன் கோளாறு அதுதான். நவம்பர் மழையில மூடாமப் போட்டு வச்ச போட்டுல தண்ணி இல்லாம இருக்குமா? டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயும் கலக்கணும். அம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய்னு உன் எஞ்சின் கையேடு சொன்னா 25 லிட்டருக்கு அரை லிட்டர். கணக்கு அவ்வளவுதான். ஆனா உன் கூட்டாளிங்க கண்ணளவுல ஊத்துறானுங்க. கூடிப்போனா புகை மண்டி பிளக்கு கறுத்து நனையும். குறைஞ்சு போனா பிஸ்டன் இறுகி எஞ்சினே போயிரும். கேக்கை அளந்து வெட்டத் தெரிஞ்சவனுக்கு எண்ணெய அளந்து ஊத்தத் தெரியாதா?

பிளக்கைக் கழட்டினா தூக்கிப் போடாதே. அது எஞ்சினோட வாக்குமூலம். முனை பழுப்பா இருந்தா சுகம். கறுத்து நனைஞ்சிருந்தா எண்ணெயோ பெட்ரோலோ கூடுது, இல்ல பொறி சரியா விழல. வெளுத்துக் கிடந்தா சூடு ஏறுது, பெட்ரோல் பத்தல. வெளுத்த பிளக்கோட ஓட்டிக்கிட்டே இருந்தா ஒரு நாள் பிஸ்டன்ல ஓட்டை விழும். கம்ப்ரஷன் மீட்டர் இருக்கிற மெக்கானிக் கிடைச்சா ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கச் சொல்லு. எண் எவ்வளவுங்கிறதை விட ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதாங்கிறதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் நூத்துக்குப் பத்துப் பதினஞ்சுக்கு மேல தாழ்ந்து நின்னா அந்த எஞ்சின் மேல புதுப் பெயிண்டு அடிக்காதே.

ஓலே எவின்ரூடுன்னு அமெரிக்காவுல ஒரு மனுசன் இருந்தாரு. நார்வேயில பொறந்தவரு. காதலி ஐஸ்கிரீம் கேட்டான்னு ஏரியில துடுப்புப் போட்டுப் போய் வாங்கிட்டு வந்தாராம். வர்றதுக்குள்ள உருகிப் போச்சாம். அதுக்கப்புறம்தான் போட்டுக்குப் பின்னால மாட்டுற எஞ்சினைச் செஞ்சாருன்னு கதை சொல்லுவாங்க. 1909ல விக்க ஆரம்பிச்சாரு. ஒன்றரைக் குதிரை சக்தி, அவ்வளவுதான். அந்தப் பேருல எஞ்சின் செய்யறதை 2020ல நிறுத்திட்டாங்க. எதுக்குச் சொல்றேன்னா, பழைய எஞ்சின் வாங்குறதுக்கு முன்னால அதோட சாமான் இன்னும் கிடைக்குதான்னு கேக்கணும். நீ ஸ்டிக்கர் நல்லா இருக்கான்னு பாத்து வாங்குறே.

எஞ்சின் ஸ்டார்ட் ஆயிருச்சுன்னே வச்சுக்குவோம். உடனே வேகம் ஏத்தாதே. பின்னால திரும்பிப் பாரு. எஞ்சின் ஒண்ணுக்குப் போகுதா? சிரிக்காதே, மெக்கானிக்குங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பக்கத்துல ஒரு சின்ன ஓட்டையிலருந்து தண்ணி ஒரு தாரையாப் பாயணும். கடல் தண்ணிய உறிஞ்சி எஞ்சினைக் குளிர வச்சு வெளிய விடுது. தாரை மெலிஞ்சாலோ நின்னாலோ எஞ்சினை நிறுத்து. முதல்ல ஒரு மெல்லிசுக் கம்பிய எடுத்து ஓட்டையில குத்து. உப்போ மண்ணோ குளவிக் கூடோ அடைச்சிருக்கும். குத்தியும் வரலேன்னா அடியில தண்ணி உறிஞ்சுற வாயில பாரு. நம்ம கடல்ல என்னதான் அடைக்காது? பாலத்துக்கு வடக்க மிடில் பேங்க்குல கடல்புல்லு. பாலம் கட்டும்போது தோண்டிக் கொட்டின மண்ணுல உண்டான காசும்போ தீவைச் சுத்தி ஆழமே இல்ல. கரையோரத்துல தண்ணி வத்தினா சேறு. எங்க போனாலும் பிளாஸ்டிக் பை. அதிலயும் இங்க அமாவாசை, பௌர்ணமிக்கு நீர்மட்டம் ரெண்டு மீட்டருக்குக் கிட்ட ஏறி இறங்கும். காலையில மிதந்து போன இடத்துல மத்தியானம் உழுதுக்கிட்டு வருவே. அப்புறம் எஞ்சின் சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லுவே.

உள்ள ரப்பர் இதழ் வச்ச சின்னச் சக்கரம் ஒண்ணு இருக்கு, இம்பெல்லர். அதுதான் தண்ணி இறைக்கிறது. தண்ணி இல்லாம எஞ்சினைக் கரையில ஓட்டிக் காட்டினா சில நொடியிலயே இதழ் கருகத் தொடங்கிரும். கூட்டாளிக்கு எஞ்சின் சத்தம் கேக்க ஆசைன்னா காதுமூடி மாதிரி ரப்பர்க் கவ்வி விக்குது, அதை மாட்டித் தண்ணிக் குழாயத் திறந்துவிட்டு ஓட்டு. பழைய போட்டு வாங்கினா, வித்தவன் மாத்திட்டேன்னு சத்தியமே பண்ணினாலும் இம்பெல்லரை நீ ஒரு தடவ மாத்திரு. கடல்ல போய் வந்த பிறகு நல்ல தண்ணி விட்டுப் பத்து நிமிசம் உள்ள கழுவு. உப்பு பாக்க வெள்ளையா, சாதுவா இருக்கும். உள்ள போய் உக்காந்தா எழுந்திரிக்காது.

இப்ப உன் ட்ரிம்முக்கு வர்றேன். நீ கண்ணுல தண்ணி விடுற விசயம். ட்ரிம்னா என்ன? எஞ்சினைக் கொஞ்சம் வெளிய சாய்க்கிறது, கொஞ்சம் உள்ள இழுக்கிறது. அதுக்கு ஒரு மோட்டார், எண்ணெய்ப் பம்பு, தள்ளுற தண்டு. மந்திரம் ஒண்ணும் இல்ல. பட்டனை அமுக்கினா என்ன கேக்குதுன்னு காதைக் குடு. ஒண்ணுமே கேக்கலேன்னா ஃபியூஸ், பட்டன், வயரு. ‘டிக்’குன்னு மட்டும் கேட்டா பட்டன் நல்லா இருக்கு, ரிலே வேலை செய்யப் பாக்குது, மோட்டாருக்குக் கரண்டு முழுசாப் போகல. மறுபடி அந்தப் பூத்த முனைய நினைச்சுக்க. மோட்டார் உறுமுது, எஞ்சின் அசையலேன்னா எண்ணெய் குறைஞ்சிருக்கும், இல்லேன்னா கையால இறக்குற திருகு தளர்ந்திருக்கும்.

மேல போகுது, கீழ வரலையா? இல்ல கீழ வருது, மேல போகலையா? அப்ப சந்தோசப்படு. மோட்டார் சுகமா இருக்கு. ரெண்டு ரிலே இருக்கும், ஒண்ணு மேல ஏத்த, ஒண்ணு கீழ இறக்க. பெரும்பாலும் நீல வயரு மேல, பச்சை வயரு கீழ. கழட்டி மாட்டுற ரிலேயா இருந்தா ரெண்டையும் இடம் மாத்திப் போடு. கோளாறும் இடம் மாறினா ரிலே செத்துப் போச்சு. மாறலேன்னா பட்டனோ வயரோ. அஞ்சு நிமிச வேலை இது. இதுக்குள்ள உன் கூட்டாளி ஒருத்தன் முழு ட்ரிம் செட்டையும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருப்பான், ரத்து பண்ணச் சொல்லு.

ஏத்தி வச்ச எஞ்சின் ராத்திரியில தானா இறங்கிருதா? உள் வால்வோ ரப்பர் வளையமோ கசியுது. இல்ல, அந்தக் கைத்திருகை யாரோ முழுசா இறுக்கல. பக்கவாட்டுத் தகட்டுல ஒரு ஓட்டை வழியா ஸ்க்ரூ டிரைவர் விட்டா அந்தத் திருகு தட்டுப்படும். இடப்பக்கம் திருப்பினா எஞ்சினைக் கையால ஏத்தலாம், இறக்கலாம். கரண்டு போன நேரத்துல உன் மானத்தைக் காப்பாத்துறது அதுதான். ஆனா ஒண்ணு, திருகும்போது எஞ்சினுக்கு அடியில கைய வைக்காதே. டபால்னு விழும். அப்புறம் ஏத்தி வச்ச எஞ்சினுக்கு முட்டுக் குடுக்க ஒரு இரும்பு நாக்கு வச்சிருக்கானே, அதை எதுக்கு வச்சான்? அழகுக்கா? அதைப் போடாம எண்ணெய்த் தண்டு மேலயே பாரத்தை விட்டா அது எத்தன நாள் தாங்கும்?

ட்ரிம் முள்ளு தப்பாக் காட்டுதுன்னு இன்னொரு அழுகை. முள்ளு பொய் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் லா. போட்டோட மூக்கு பொய் சொல்லுமா? கண்ணைத் திறந்து பாரு. மூக்கு தண்ணிய வெட்டிக்கிட்டு, ஸ்டியரிங் கனமா இருந்தா எஞ்சின் ரொம்ப உள்ள இருக்கு. கொஞ்சம் வெளிய விடு. மூக்கு தொபுக்குத் தொபுக்குன்னு குதிச்சா ரொம்ப வெளிய போயிருச்சு, உள்ள இழு. எஞ்சின் அலறுது, வேகம் ஏறலேன்னா புரொப்பெல்லர் காத்தைக் கடிக்குது, அப்பவும் உள்ள இழு. கிளம்பும்போது உள்ள வச்சு, போட்டு தண்ணி மேல எழும்பினதும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடணும். அவ்வளவுதான் சூத்திரம்.

அதுக்கும் முன்னால ஒரு கேள்வி. பின்னால யாரு உக்காந்திருக்கா? போன வாரம் புலாவ் அமானுக்கு மீ ஊடாங் சாப்பிடப் போனீங்கல்ல. ஐஸ் பெட்டி பின்னால. பெட்ரோல் டாங்கி பின்னால. அந்தப் பெரிய உடம்புக் கூட்டாளி பின்னால. மீ ஊடாங் ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு வரும்போதும் அதே இடத்துல. மூக்கு வானத்தைப் பாக்காம என்ன செய்யும்? ட்ரிம்மைக் குறை சொல்றதுக்கு முன்னால அவனை முன்னால உக்காரச் சொல்லு. கோவிச்சுக்கிட்டா ஐஸ் பெட்டிய அவன்கிட்ட குடுத்து ரெண்டையும் சேத்து அனுப்பு. பாதிப் பேரோட ட்ரிம் கோளாறு அதோட தீந்துரும்.

ஆனா அப்படியும் போட்டு எழும்பலேன்னா நான் சிரிக்க மாட்டேன் தம்பி. இங்கதான் நீங்க எல்லாரும் கோட்டை விடுறீங்க. சத்தம் போடுற கோளாறெல்லாம் சில்லறைக் கோளாறு. ‘டிக்’குன்னு கத்தும், அலறும், பீப் போடும். காசைப் புடுங்குற கோளாறு வாயத் திறக்காது. எஞ்சினைத் தாங்குற பின்பலகைய எடுத்துக்க. வெளிய ஃபைபர், உள்ள பெரும்பாலும் ஒட்டுப்பலகை. திருகு ஓட்டை வழியாத் தண்ணி எறங்கி உள்ளேயே மக்கும். வெளியில பாத்தா பளபளன்னு இருக்கும். சுத்தியலோட மரப்பிடியால இடம் இடமாத் தட்டு, சந்தையில மண்பானை வாங்குறவ தட்டிப் பாக்குற மாதிரி. கணீர்னு கேட்டா நல்லது. ஒரு இடத்துல மட்டும் மொத்துன்னு கேட்டா அங்க ஈரம். எஞ்சினைப் பாதி ஏத்தி வச்சு மேலயும் கீழயும் அசைச்சுப் பாரு. எஞ்சினோட பலகையும் சேந்து நெளிஞ்சா அன்னிக்குக் கடலுக்குப் போகாதே. அது ட்ரிம் கோளாறு இல்ல. முழு எஞ்சினும் கழண்டு தண்ணிக்குள்ள போற கோளாறு.

தரைக்கு அடியில மிதக்கறதுக்குன்னு நுரை அடைச்சிருப்பான். பழைய போட்டுல அது தண்ணி குடிச்சுக் கிடக்கும். போட்டு கனத்துப் போகும். பாக்குறவன் எஞ்சினுக்குச் சக்தி போச்சுங்கிறான். எஞ்சின் என்ன பண்ணும், கடலையே சேத்து இழுக்குது. அப்புறம் கியர் எண்ணெய். அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ரெண்டு சொட்டு விரல்ல வாங்கிப் பாரு. தே தாரிக் நிறத்துல வந்தா தண்ணி உள்ள போயிருச்சு. எப்படிப் போச்சு? புரொப்பெல்லரைக் கழட்டு. தண்டுல தூண்டில் நரம்பு சுத்தியிருக்கும். அந்த நரம்பு ரப்பர் சீலை அறுத்துரும். தெலுக் பஹாங்ல இருந்து தெலுக் கும்பார் வரைக்கும் கடலெல்லாம் தூண்டில் நரம்புதான். வருசத்துக்கு நாலஞ்சு தடவயாவது கழட்டிப் பாரு.

எஞ்சின் அலறுது, போட்டு மட்டும் நகர மாட்டேங்குதுன்னா இன்னொரு சந்தேகம். புரொப்பெல்லருக்கு நடுவுல ரப்பர் குடம் இருக்கும். அது வழுக்கிக்கிட்டு இருக்கலாம். குடத்துல இருந்து வெளிப்பக்கம் வரைக்கும் நேரா ஒரு கோடு போடு, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பாரு. கோடு உடைஞ்சு விலகியிருந்தா குடம் வழுக்குது. பென்சில் விலைக்குப் பதில் கிடைச்சிருச்சு.

உன் மாமா போட்டு போல எஞ்சின் உள்ளயும் கால் வெளியயும் இருக்கிற ரகமா இருந்தா கவலை வேற. பின்னால மடிப்பு மடிப்பா ரப்பர் உறை இருக்கும். அது கிழிஞ்சா போட்டு ஜெட்டியிலயே உக்காந்துரும். அதைத் தண்ணியில கட்டிப் போடும்போது காலை இறக்கித்தான் வைக்கணும். ஏத்தி வச்சா தள்ளுற தண்டு நீட்டிக்கிட்டு நிக்கும், அதுல ஒட்டுச்சிப்பி புடிக்கும், இறக்கும்போது சீலைக் கிழிச்சிரும். உன் அவுட்போர்டுக்கு நேர் எதிரு, அதைத் தண்ணிக்கு மேல தூக்கி வை. இன்னொண்ணும் அவருகிட்ட சொல்லு. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம். அடித்தட்டுல போய்ப் படுத்துக்கும். சாவி போடுறதுக்கு முன்னால நாலு நிமிசம் காத்தாடிய ஓடவிட்டு, மூடியத் திறந்து மூக்கால மோந்து பாக்கச் சொல்லு. இதுல மட்டும் விளையாட்டு வேணாம்.

எஞ்சின் காலுல துத்தநாகக் கட்டி ஒண்ணு ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணி எஞ்சினைத் தின்னறதுக்குப் பதிலா அதைத் தின்னட்டும்னு வச்சிருக்கு. பாதி கரைஞ்சா மாத்தணும். உன் போட்டுல அது கரையவே இல்லைன்னு பெருமைப்பட்டே. கிட்டப் போய்ப் பாத்தேன். வித்தவன் அது மேலயும் சேத்துப் பெயிண்டு அடிச்சிருக்கான். கட்டி பத்திரமா இருக்கு. எஞ்சின் கரைஞ்சுக்கிட்டு இருக்கு.

மெக்கானிக்கிட்ட போறியா, போ. ஆனா “ரிலே போச்சு, மாத்துங்க”ன்னு நீயே தீர்ப்பு எழுதிக் குடுக்காதே. என்ன ஆச்சு, எப்ப ஆச்சு, சூடா இருக்கும்போதா, சும்மா கிடந்த பிறகா, என்ன சத்தம், அதை மட்டும் சொல்லு. நல்ல தவுக்கேயா இருந்தா முதல்ல கேப்பான், அப்புறம் தொடுவான். வந்ததும் ஸ்பேனரைத் தூக்குறவன்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதை. நீயே கை வச்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. பிளக்கு, ஃபில்டர், ரிலே, பேட்டரி எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எஞ்சின் ஓடும். எதுனால ஓடுச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த தடவ நிக்கும்போது மறுபடி எல்லாத்தையும் மாத்துவே. கடைக்காரனுக்குக் கொண்டாட்டம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி என்னிக்கு எதை மாத்தினேன்னு எழுதி வை. போன்ல எழுதாதே, போன் தண்ணியில விழும்.

இன்னும் ஒண்ணு பாக்கி. போட்டுல துடுப்பு இருக்கா? நங்கூரம் இருக்கா? ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்கா? திருதிருன்னு முழிக்கிறே. அலாமாக்! சுமாத்ரா காத்து விடியறதுக்கு முன்னால சொல்லாமக் கொள்ளாம வரும். முக்கா ஹெட் பக்கம் எஞ்சின் நின்னு அந்தக் காத்துல மாட்டினா ட்ரிம் முள்ளு எவ்வளவு காட்டுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நங்கூரம் போட்டு, போட்டை நகராம நிறுத்திட்டுத்தான் காத்துத் திருகையே தேட முடியும். அந்தச் சிவப்புக் கயித்தைக் கால்ல மாட்டிக்க. எங்க போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போ. மாட்டிக்கிட்டா 999க்கு அடி, வி.எச்.எஃப். ரேடியோ இருந்தா 16ஆம் சேனல்.

இந்த ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகாதே. ஜெட்டியிலயே கட்டி வச்சு, பின்பலகையத் தட்டிப் பாத்துட்டு, கியர் எண்ணெய் என்ன நிறம்னு எனக்கு வந்து சொல்லு.